ஆங்கிலத்தில் 'நீங்கள்' எங்கே இருக்கிறது?

மாமல்லபுரத்தில் ஒரு சிறிய விடுதி. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த வயதான பெண்மணி ஒருவர் அறைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வரவேற்பு மேசை அருகே தயங்கி நின்றார். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர் அவரைக் கண்டதும் எழுந்து நின்றார். முகத்தில் நல்ல சிரிப்பு. "வாட் டூ யூ வாண்ட்?" என்று கேட்டார். பெண்மணியின் முகம் சுருங்கிவிட்டது. ஒன்றுமில்லை என்பதுபோல் தலையை அசைத்துவிட்டு மாடிப்படியை நோக்கி நடந்தார். இளைஞருக்கு எதுவும் புரியவில்லை. பக்கத்து நாற்காலியில் பஸ்ஸுக்காகக் காத்திருந்த எனக்குப் புரிந்தது, மனம் கனத்தது.

அவர் கேட்டதில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. உச்சரிப்பும் தெளிவாகவே இருந்தது. அவர் மனத்தில் இருந்த வாக்கியம், "உங்களுக்கு என்ன வேண்டும், அம்மா?" என்பதுதான். தமிழில் அது பணிவான கேள்வி. 'உங்களுக்கு' என்பதில் ஒரு மரியாதை, 'அம்மா' என்பதில் இன்னொன்று. ஆங்கிலத்துக்குப் போகும் வழியில் இரண்டும் உதிர்ந்துவிட்டன. அந்தப் பெண்மணியின் காதில் விழுந்தது, "என்ன வேண்டும் உனக்கு?" என்ற அதட்டல்.

பல ஆண்டுகளாக மாலை நேரங்களில் பேச்சு ஆங்கிலம் கற்றுக்கொடுத்து வருகிறேன். என்னிடம் வருபவர்கள் எல்லோரும் இலக்கணத்துக்குத்தான் அஞ்சுகிறார்கள். 'ஹேஸ்' வருமா, 'ஹேவ்' வருமா என்று வியர்க்கிறார்கள். அந்தப் பிழையைக் கேட்பவர் உடனே புரிந்துகொண்டு மன்னித்துவிடுவார். இவர் இப்போதுதான் மொழி பழகுகிறார் என்று நினைத்துக்கொள்வார். வாக்கியம் முரட்டுத்தனமாக அமைந்துவிட்டால் அதை மொழிப் பிழையாக அவர் எடுத்துக்கொள்வதில்லை. ஆளே முரடு என்று முடிவு கட்டிவிடுவார். அன்றாட ஆங்கிலத் தொடர்களில் முதலில் கற்க வேண்டியவை எவை என்று யாராவது கேட்டால், மரியாதையைச் சுமந்து வரும் தொடர்கள் என்றே சொல்வேன்.

எல்லோரும் 'நீங்கள்' ஆன கதை

தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலிலேயே இருக்கிறது. வா, வாருங்கள், சொல், சொல்லுங்கள், எடு, எடுங்கள். ஆங்கிலத்தில் 'கம்' என்ற ஒரே சொல்தான். குழந்தையையும் அப்படித்தான் கூப்பிட வேண்டும், கலெக்டரையும் அப்படித்தான். முன்னிலைக்கும் 'யூ' ஒன்றுதான். ஆங்கிலேயர்களுக்கு மரியாதை தெரியாது என்று நம்மில் சிலர் நினைப்பதற்கு இதுவே காரணம்.

உண்மையில் ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் 'நீ', 'நீங்கள்' இரண்டும் இருந்தன. ஒருவரை அழைக்க 'தௌ', பலரை அழைக்க 'யீ' அல்லது 'யூ'. பிரெஞ்சுப் பழக்கத்தின் தாக்கத்தால், ஏறத்தாழ 13-ஆம் நூற்றாண்டிலிருந்து, மேலானவர் ஒருவரையும் பன்மையில் அழைக்கும் வழக்கம் இங்கிலாந்தில் பரவியது. பன்மையே மரியாதையாக மாறிய கதை நமக்குப் புதிதல்ல. நம் 'நீங்களு'ம் அப்படி வந்ததுதான். 1603-ஆம் ஆண்டு வின்செஸ்டர் நகரில், அரசவையில் செல்வாக்கோடு இருந்த கடலோடி சர் வால்டர் ராலே மீது நடந்த ராஜதுரோக வழக்கில், அரசுத் தரப்பு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் சினத்தில் அவரை 'தௌ' என்று அழைத்தார். "உன்னை 'நீ' என்றே சொல்வேன், துரோகியே" என்பது அதன் பொருள். ஒரு கனவானை 'நீ' என்பது அந்த அளவுக்கு அவமானம். அதே நூற்றாண்டின் நடுவில் தோன்றிய குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர், கடவுளின் முன் எல்லோரும் சமம் என்று சொல்லி, நீதிபதிகளையும் 'தௌ' என்றே அழைத்து அடியும் சிறையும் பட்டார்கள்.

காலப்போக்கில் பொதுவழக்கிலிருந்து 'தௌ' மறைந்தது. வட இங்கிலாந்து போன்ற சில பகுதிகளின் வட்டார வழக்குகளிலும் பிரார்த்தனைகளிலும் ஒட்டிக்கொண்டது. 1611-இல் வெளியான ஆங்கில பைபிள் கடவுளை 'தௌ' என்று அழைப்பதால், அது ஏதோ உயர்ந்த மரியாதைச் சொல் என்று இன்று ஆங்கிலேயர்களே நினைக்கிறார்கள். நாமும் இறைவனை 'நீ' என்றுதானே பாடுகிறோம்?

ஆக, எஞ்சி நிற்கும் 'யூ' என்பது பழைய 'நீங்கள்'. எல்லோருக்கும் அதையே கொடுத்துவிட்டதால் அதில் மரியாதை இருப்பது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. இன்றைய ஆங்கிலத்தில் மரியாதை வாக்கியத்தின் கட்டமைப்பில் இருக்கிறது. அங்கேதான் அதைத் தேட வேண்டும்.

ஒரு டம்ளர் தண்ணீர்

தெரியாத ஒருவர் வீட்டு வாசலில், வெயிலில் நின்றபடி தண்ணீர் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் எப்படிக் கேட்பீர்கள்? "தண்ணீர் கொடுங்கள்" என்றுகூடக் கேட்கமாட்டீர்கள். "கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?" என்பீர்கள். ஏவல் கேள்வியாகிவிட்டது. 'கொடுங்கள்' என்ற சொல்லே மறைந்து, தண்ணீர் தானாகக் கிடைக்கிற பொருளாகிவிட்டது. மறுக்க நினைப்பவருக்கு வழியும் திறந்திருக்கிறது. ஆங்கிலத்தின் மரியாதை முழுவதும் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. தமிழ் பேசும் எவருக்கும் இந்தக் கலை ஏற்கெனவே தெரியும் என்பதால்தான் இதைக் கற்பிப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

"கிவ் மீ வாட்டர்" என்பது வெறும் ஏவல். அதன் முன்னால் 'ப்ளீஸ்' சேர்த்தாலும் ஏவல் ஏவல்தான். கொஞ்சம் பூச்சு பூசிய ஏவல். 'ப்ளீஸ்' ஒன்றைச் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையைத்தான் முதலில் கைவிட வேண்டும். அதைக் கேள்வியாக்குங்கள்: "கேன் ஐ ஹேவ் சம் வாட்டர்?" நண்பர்களிடமும் உடன் வேலை செய்பவர்களிடமும் இது போதும். இன்னும் ஒரு படி போனால், "குட் ஐ ஹேவ் சம் வாட்டர், ப்ளீஸ்?" முன்பின் தெரியாதவரிடமும் பெரியவரிடமும் கேட்க இதுவே ஏற்றது. 'ப்ளீஸ்' கடைசியில் வருவதைக் கவனியுங்கள். அங்கே அது இயல்பாக உட்காரும்.

'கேன்' எப்படி 'குட்' ஆனது? 'குட்' என்பது 'கேன்' என்பதன் இறந்தகால வடிவம். 'வில்' என்பதன் இறந்தகால வடிவம் 'வுட்'. இப்போது வேண்டிய தண்ணீருக்கு எதற்கு இறந்தகாலம்? வகுப்பில் ஒவ்வொரு முறையும் யாராவது இதைக் கேட்பார்கள். மிக நல்ல கேள்வி. காலத்தால் தள்ளி வைத்தது மனத்தாலும் தள்ளி நிற்கிறது. கேட்பவர் ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்று கேட்பதுபோல. நம்மிடமும் இது உண்டு. பக்கத்து வீட்டுக்குப் போய், எதிரே நின்றுகொண்டு, "ஓர் உதவி கேட்கலாம் என்று வந்தேன்" என்கிறோம். 'கேட்க வந்திருக்கிறேன்' என்பதைவிட 'வந்தேன்' மென்மையாக ஒலிக்கிறது. ஆங்கிலேயர் இதே இடத்தில் "ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் ஹெல்ப் மீ" என்பார். உங்களால் உதவ முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன் என்பது அதன் பொருள். விடுப்பு கேட்க, சான்றுக் கடிதம் கேட்க, பெரிய உதவி எதையும் கேட்க இந்தத் தொடர் கைகொடுக்கும். தண்ணீர் கேட்க வேண்டாம். சின்ன விஷயத்துக்கு இவ்வளவு சுற்றினால் எதிரே இருப்பவருக்குச் சங்கடமாகிவிடும்.

உச்சரிப்பு பற்றி ஒரு சொல். தமிழ் எழுத்தில் எழுதினால், 'முடியுமா' என்பதற்கான 'குட்' என்ற சொல்லும் 'நல்ல' என்ற பொருள் தரும் 'குட்' என்ற சொல்லும் ஒன்றாகவே தெரிகின்றன. ஒலியில் வேறு. முதலாவதன் ககரம் 'பக்கம்' என்பதில் வருவதுபோல் வல்லொலி. இரண்டாவதன் ககரம் 'தங்கம்' என்பதில் வருவதுபோல் மெல்ல அதிர்வது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் முதல் சொல்லின் நடுவே 'எல்' என்ற எழுத்து இருக்கும். அதை ஒலிக்கவே கூடாது. 'வுட்', 'ஷுட்' இரண்டும் 'வில்', 'ஷல்' ஆகியவற்றிலிருந்து வந்தவை, ஆகவே அவற்றில் அந்த எழுத்துக்கு உரிமை உண்டு. 'கேன்' என்பதில் அது எங்கே இருக்கிறது? மற்ற இரண்டையும் பார்த்து எழுதியவர்கள் இதிலும் சேர்த்துவிட்டார்கள்.

கடையில், உணவகத்தில், "ஐ வாண்ட் காஃபி" என்று சொல்லாதீர்கள். சிறு குழந்தையின் அடம்போல் ஒலிக்கும். "குட் ஐ ஹேவ் எ காஃபி, ப்ளீஸ்?" அல்லது "ஐ வுட் லைக் எ காஃபி, ப்ளீஸ்". அமெரிக்காவில் "கேன் ஐ கெட் எ காஃபி?" என்று கேட்பதை அதிகம் கேட்கலாம், அங்கே அது சாதாரணம். அந்த விடுதி இளைஞர் கேட்டிருக்க வேண்டியது, "ஹௌ கேன் ஐ ஹெல்ப் யூ?" நான்கைந்து சொற்கள்தாம். அந்தப் பெண்மணி ஒரு துண்டு கேட்டிருப்பார், அல்லது கடற்கரைக் கோயிலுக்கு வழி கேட்டிருப்பார்.

நாம் அள்ளித் தெளிக்கும் 'கொஞ்சம்' ஆங்கிலத்திலும் உண்டு. "கொஞ்சம் வழி விடுங்கள்" என்கிறோமே, பாதி வழி போதும் என்றா பொருள்? நம் வேண்டுகோளின் எடையைக் குறைத்துக் காட்டுகிறோம். ஆங்கிலத்தில் அந்த வேலையை 'ஜஸ்ட்' செய்கிறது. நெரிசலான ரயில் பெட்டியில் "குட் ஐ ஜஸ்ட் கெட் பாஸ்ட்?" என்றால், கொஞ்சம் வழி விடுகிறீர்களா என்று அர்த்தம். 'ஃபார் எ மினிட்' என்பது அப்படியே நம் 'ஒரு நிமிடம்'.

யாருக்கு நன்மை?

அப்படியானால் ஆங்கிலத்தில் ஏவலே கூடாதா? கூடும். எங்கே கூடும் என்பதற்கு ஒரு எளிய அளவுகோல் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். சொன்னதைச் செய்தால் யாருக்கு நன்மை என்று பாருங்கள். எதிரே இருப்பவருக்கு நன்மை என்றால் ஏவல் இனிக்கும். உங்களுக்கு நன்மை என்றால் கேள்வியாக்குங்கள்.

வீட்டுக்கு வந்தவரிடம் "கம் இன்", "ஹேவ் எ சீட்", "ஹெல்ப் யுவர்செல்ஃப்" என்று சொல்வது மிகவும் அன்பான பேச்சு. கடைசித் தொடருக்கு, தயங்காமல் வேண்டியதை எடுத்துச் சாப்பிடுங்கள் என்று பொருள். இங்கே போய் "குட் யூ ஈட் சம் ரைஸ்?" என்று கேட்டால், அவர் சாப்பிடுவது உங்களுக்குச் செய்யும் உதவி என்பதுபோல் ஆகிவிடும். வற்புறுத்தி உபசரிப்பது நம் பழக்கம். ஆங்கிலத்தில் இரண்டு முறை "நோ, தேங்க்யூ" என்று வந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். நம்மைப்போல் முதல் மறுப்பை மரியாதைக்காகச் சொல்லும் வழக்கம் அங்கே குறைவு. மறுத்தவருக்கு உண்மையிலேயே வேண்டாம்.

அலுவலக மின்னஞ்சலில் இந்த அளவுகோல் மிகவும் உதவும். "ப்ளீஸ் செண்ட் த ஃபைல் டுடே இட்செல்ஃப்" என்று எழுதுகிறோம். 'இன்றைக்கே' என்பதில் உள்ள ஏகாரத்தைத்தான் 'இட்செல்ஃப்' என்று மாற்றிப் போடுகிறோம். இந்தியாவில் எல்லோருக்கும் புரியும். லண்டனிலோ சிட்னியிலோ இருப்பவருக்கு அது விசித்திரமாகவும் கட்டளையாகவும் படும். "குட் யூ செண்ட் மீ த ஃபைல் பை த எண்ட் ஆஃப் த டே?" என்று எழுதுங்கள். அவசரம் குறையவில்லை, நேரமும் தெளிவாக இருக்கிறது, ஆனால் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்ததுபோல் இருக்கிறது. 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்பது பழைய அலுவலகக் கடிதங்களிலிருந்து நம்மிடம் தங்கிவிட்ட தொடர். அதில் பிழை இல்லை. ஆனால் வெளிநாட்டு வாசகர் பலருக்கு அது தூசி படிந்த மொழி; 'கைண்ட்லி' மட்டும் தனியே வந்தால் எரிச்சலோடு சொல்வதாகவும் சிலர் எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, 'டவுட்'. வகுப்பில் கை தூக்கி "ஐ ஹேவ் எ டவுட்" என்கிறோம். 'சந்தேகம்' என்பதன் நேர் பெயர்ப்பு. தமிழில் சந்தேகம் கேட்பது மாணவரின் பணிவு. இந்தியாவுக்கு வெளியே 'டவுட்' என்றால் நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை என்ற சாயல் வந்துவிடும். "ஐ ஹேவ் எ க்வெஸ்ச்சன்" என்றால் போதும்.

'சார்' பற்றியும் கேட்கிறார்கள். வாக்கியத்துக்கு இரண்டு 'சார்' சேர்ப்பது நம் பழக்கம். வினையில் இழந்த மரியாதையை அதில் ஈடுகட்டப் பார்க்கிறோம். பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் அலுவலகங்களில் மேலாளரையும் பெரும்பாலும் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். பெயர் சொல்லிவிட்டு "குட் யூ" என்று தொடங்கினால் மரியாதைக்குக் குறைவே இல்லை. பெயரைச் சொல்ல நம் நாக்கு கூசும். சில வாரங்களில் பழகிவிடும்.

பதில் சொல்வதில் ஒரு பொறி

ரயிலில் எதிரே இருப்பவர் கேட்கிறார்: "வுட் யூ மைண்ட் ஓபனிங் த விண்டோ?" நீங்கள் உதவ விரும்பி, மலர்ந்த முகத்தோடு "எஸ்" என்கிறீர்கள். அவர் குழம்பிப் போவார். ஏனென்றால் அவர் கேட்டது, 'ஜன்னலைத் திறப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?' என்பது. நீங்கள் சொன்ன பதில், 'ஆம், ஆட்சேபம் உண்டு'. சம்மதம் என்றால் "நாட் அட் ஆல்" அல்லது "ஆஃப் கோர்ஸ் நாட்" என்று சொல்ல வேண்டும். ஆட்சேபம் சிறிதும் இல்லை என்று அர்த்தம். ஆங்கிலேயர்களே அவசரத்தில் "ஷ்யூர்" என்று சொல்லிவிட்டு ஜன்னலைத் திறப்பதுண்டு, கை செய்யும் வேலையில் பொருள் விளங்கிவிடும். தொலைபேசியில் அந்த வசதி இல்லை. 'மைண்ட்' என்பதற்குப் பின்னால் வரும் வினை 'ஓபனிங்', 'வெயிட்டிங்', 'ஷேரிங்' என்று 'இங்' சேர்ந்துதான் வரும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

மறுக்க வேண்டுமா? "ஐ ஆம் அஃப்ரெய்ட் ஐ கேன்ட்". இதில் பயம் எதுவும் இல்லை. 'மன்னிக்க வேண்டும், முடியாது' என்பதுதான். மருத்துவமனை வரவேற்பில் "ஐ ஆம் அஃப்ரெய்ட் த டாக்டர் இஸ் நாட் இன்" என்று கேட்ட என் மாணவி ஒருவர், டாக்டருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போனார். டாக்டர் வரவில்லை, அவ்வளவுதான்.

'எக்ஸ்க்யூஸ் மீ' என்பதும் 'சாரி' என்பதும் முன்னும் பின்னும் போல. தொந்தரவு செய்வதற்கு முன் முதலாவது, செய்த பின் இரண்டாவது. ஒருவர் சொன்னது காதில் விழாவிட்டால் "வாட்?" என்று கேட்காதீர்கள். நம் 'என்ன?' என்பதைவிட அது கடுமையாக ஒலிக்கும். "சாரி?" என்று குரலை மேலே உயர்த்திக் கேட்டால், மறுபடி சொல்கிறீர்களா என்று பொருள்.

'தேங்க்யூ' விஷயத்தில் நமக்குள் ஒரு தயக்கம் உண்டு. அம்மா சோறு போட்டதற்கு நன்றி சொன்னால் அவர் வருத்தப்படுவார். நமக்கு நன்றி என்பது பெரிய சொல், பெரிய உதவிக்கு உரியது. ஆங்கிலத்தில் அது சில்லறைக் காசு. கடைக்காரர் மீதி கொடுத்தால், ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால், மனைவி உப்பை நகர்த்தி வைத்தால், எல்லாவற்றுக்கும் உண்டு. பிரிட்டனின் பல ஊர்களில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். யாராவது உங்களுக்கு நன்றி சொன்னால் "யூ ஆர் வெல்கம்" என்று சொல்லுங்கள்; "நோ ப்ராப்ளம்" என்பதும் சரி; ஆஸ்திரேலியாவில் "நோ வொரீஸ்". 'மென்ஷன் நாட்' என்று நம் ஊரில் சொல்வதை "டோன்ட் மென்ஷன் இட்" என்று திருத்திக்கொள்ளுங்கள்.

"ஹௌ ஆர் யூ?" என்று கேட்டால் முழங்கால் வலியைச் சொல்லத் தொடங்க வேண்டாம். நம் "சாப்பிட்டீர்களா?" போன்றது அது. சாப்பிடவில்லை என்று தெருவில் யாரும் விளக்கம் சொல்வதில்லை அல்லவா? "ஃபைன், தேங்க்ஸ். அண்ட் யூ?" என்று திருப்பிக் கேட்பதுதான் முக்கியம். நம் சாப்பாட்டுக் கேள்வியை அப்படியே ஆங்கிலத்தில் கேட்டுவிடாதீர்கள். நீங்கள் விருந்துக்கு அழைக்கப்போவதாக அவர் நினைக்கக்கூடும்.

விடைபெறும்போது

'போகிறேன்' என்று சொல்லக் கூடாது, 'போய் வருகிறேன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று நம் பாட்டிமார் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் கிளம்பும்போது "ஐ ஆம் கமிங்" என்று சொல்லிவிடுகிறோம். கேட்பவர் நாம் உள்ளே வரப்போகிறோம் என்று காத்திருப்பார். மீண்டும் சந்திப்போம் என்ற நம் எண்ணத்தை "ஸீ யூ" என்ற இரண்டு சொற்கள் நிறைவாகச் சுமக்கும். தொலைபேசிப் பேச்சை முடிக்க ஆங்கிலேயர்கள் "ஐ ஷுட் லெட் யூ கோ" என்பார்கள். நான் உங்கள் நேரத்தைப் பிடித்துவைத்திருக்கிறேன், உங்களை விட்டுவிட வேண்டும் என்று. பேச்சை முடிக்க விரும்புவது அவராக இருந்தாலும், நன்மையை எதிராளியின் பக்கம் நகர்த்திவிட்டுத்தான் முடிக்கிறார். மேலே சொன்ன அளவுகோல் இங்கேயும் வேலை செய்கிறது.

பிறகு 'குட்பை'. இதில் 'நல்ல' என்ற பொருளுள்ள 'குட்' முதலில் இல்லை. "காட் பி வித் யீ", அதாவது கடவுள் உங்களோடு இருக்கட்டும் என்ற வாழ்த்து, நாள்தோறும் சொல்லிச் சொல்லித் தேய்ந்து 16-ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் ஒரே சொல்லாயிற்று. 'குட் மார்னிங்' போன்றவற்றின் சாயலில் 'காட்' பின்னர் 'குட்' ஆயிற்று. அதன் கடைசியில் தேய்ந்து கிடக்கும் 'யீ' என்பது பழைய ஆங்கிலத்தின் அந்த 'நீங்கள்'தான்.